தராசைப் பிடித்திருக்கும் கை

ரீபெ நகரத்துக்கு நான் ரயில் ஏறியது ஒரே ஓர் ஓவியத்துக்காக. டென்மார்க்கின் தென்மேற்கு மூலையில், கடலோரச் சதுப்புநிலம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். நாட்டிலேயே பழைய நகரம் அதுதான். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகர்கள் கூடிய சந்தையிலிருந்து வளர்ந்தது. ரயிலின் இரு பக்கமும் தட்டையான புல்வெளி. மேடு என்று சொல்ல எதுவும் இல்லாத நிலம் என்பதால், ஊர் வருவதற்கு வெகு முன்பே பேராலயத்தின் கோபுரம் தெரிந்துவிடுகிறது. நவம்பர் மாதம், வார நாள். பெட்டியில் என்னைத் தவிர நான்கைந்து பேர்தான் இருந்தார்கள்.

நான் தேடிப் போன ஓவியத்தின் பெயர் ‘மனிதரின் விதியை எடைபோடும் ஜூபிடர்’. தீட்டியவர் நிக்கோலாய் அபில்கோர். பெயரை எழுதும்போது நடுவிலும் கடைசியிலும் ஒரு ‘ட்’ உண்டு. டேனியர்கள் இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். ஆண்டு 1793. துணியில் எண்ணெய் வண்ணம். ரீபெ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்காக ஒரு நாளைச் செலவழிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு விடை சொல்ல, கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கும் ஒரு தூணிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் தினமும் அந்தத் தூணைக் கடந்துதான் ரயில் பிடிப்பேன். வெஸ்டர்புரோகேட் சாலையின் நடுவில், இரு பக்கமும் பஸ்களும் சைக்கிள்களும் ஓடிக்கொண்டிருக்க, உயரமான நான்முகக் கல்தூண். அடியில் நான்கு பெண்களின் சிலைகள். ஏதோ தேவதைகள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று குளிர்காலம் கடந்த பிறகுதான், உடன் வேலைபார்த்த ஒரு பெரியவர் அவர்கள் யார் என்று சொன்னார். ஒருத்தி விசுவாசம், ஒருத்தி வீரம், ஒருத்தி குடிமைப் பண்பு, ஒருத்தி உழவின் உழைப்பு. நான்கு பண்புகள் நான்கு பெண்களாக நிற்கின்றன. பிறகு அவர் கேட்டார்: “இது எதற்காக நிற்கிறது என்று தெரியுமா? என் முன்னோர்களுக்காக.”

1733இல் டென்மார்க்கில் ஒரு சட்டம் வந்தது. பண்ணையில் பிறந்த உழவர் மகன் 14 வயதிலிருந்து 36 வயதுவரை அந்தப் பண்ணையை விட்டுப் போகக் கூடாது. 1764இல் அந்த வரம்பை 4 வயது முதல் 40 வயது என்று இன்னும் இறுக்கினார்கள். நிலப்பிரபுவுக்கு வேலையாள் குறையக் கூடாது, படைக்கு ஆள் குறையக் கூடாது, அதுதான் நோக்கம். நான்கு வயதுக் குழந்தையைக் காகிதத்தில் எழுதி நிலத்தோடு கட்டிவைத்த சட்டம். 1788 ஜூன் 20ஆம் தேதி அது ஒழிந்தது. அந்த நாளின் நினைவாக எழுந்ததுதான் விடுதலைத் தூண். 1792இல் அடிக்கல் நாட்டினார்கள். 1797இல் கட்டி முடித்தார்கள். திட்டத்தை வரைந்தவர் ஓவியர் அபில்கோர்.

அந்தப் பெயர் அப்படித்தான் எனக்கு முதலில் அறிமுகமானது.

பண்புகளையும் கருத்துகளையும் மனித உருவங்களாக்கிக் காட்டும் உருவக ஓவியம் என்றாலே எனக்கு ஒரு சலிப்பு இருந்தது. ஐரோப்பிய அரண்மனைகளில் சுற்றியவர்களுக்கு அந்தச் சலிப்பு தெரியும். கூரையை அண்ணாந்து பார்த்தால் மேகம். மேகத்தின் மேல் கொழுத்த பெண்கள். ஒருத்தி கையில் வாளும் தராசும், ஒருத்தி கையில் கண்ணாடி, அதில் சுற்றிய பாம்பு, ஒருத்தி காலடியில் நங்கூரம். நீதி, விவேகம், நம்பிக்கை. ஊதுகொம்பு ஊதினால் புகழ். மணற்கடிகாரமும் அரிவாளுமாக வரும் கிழவன் காலம். இவற்றுக்கெல்லாம் அகராதியே உண்டு. இத்தாலியரான செசாரே ரீபா 1593இல் எழுதி, 1603இல் படங்களோடு மறுபடி வெளியிட்ட நூலை இருநூறு வருடங்களுக்கு ஐரோப்பிய ஓவியர்கள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். எந்தப் பண்புக்கு எந்த உடை, எந்தக் கையில் என்ன பொருள், எல்லாம் அதில் இருக்கும். பார்ப்பவர்களும் அதைப் படித்தவர்கள். ஆகவே படம் அவர்களிடம் பேசியது. நமக்கு அந்த அகராதி கைவசம் இல்லை. படம் ஊமையாக நிற்கிறது.

ஆனால் பிரச்சினை அகராதி மட்டும்தானா என்று இப்போது யோசிக்கிறேன். பெரும்பாலான உருவக ஓவியங்கள் எழுதியவருக்கே பொருட்டில்லாதவை. மன்னர் கூலி கொடுத்தார், ஓவியர் நீதியை அவர் தலைக்கு மேலும் புகழை அவர் தோளருகிலும் நிறுத்தினார், முடிந்தது. அப்படிப்பட்ட படத்தின் முன் நமக்கு ஒன்றும் நேராமல் போவதில் வியப்பில்லை. ஓவியர் தன்னையே அந்த உருவகத்துக்குள் வைத்தால் என்ன ஆகும்? அபில்கோரின் வாழ்க்கையை ஒட்டிப் படித்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி இது.

அவர் 1743இல் கோபன்ஹேகனில் பிறந்தார். தந்தை சோரன் பழஞ்சின்னங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பதிவுசெய்தவர். சகோதரர் பீட்டர் கிறிஸ்டியன் மருத்துவர். டென்மார்க்கில் கால்நடை மருத்துவப் பள்ளியை 1773இல் நிறுவியவர். நிக்கோலாய் அரசுக் கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1767இல் பெரிய தங்கப் பதக்கம் வாங்கினார். அந்தப் பதக்கத்தோடு வெளிநாட்டுப் பயண உதவித்தொகையும் சேர்ந்து வர வேண்டும். ஐந்து வருடம் காத்திருந்தார். 1772இல்தான் ரோமாபுரிக்குக் கிளம்ப முடிந்தது. டென்மார்க்கை உலுக்கிய வருடம் அது. மன்னர் ஏழாம் கிறிஸ்டியன் மனநோயாளி. அவருடைய மருத்துவரான ஸ்ட்ரூயன்சே ஆட்சியைக் கையில் எடுத்து, சீர்திருத்தங்களை அடுக்கடுக்காக அறிவித்து, அந்த ஏப்ரலில் தலை வெட்டப்பட்டார்.

ரோமில் ஐந்து வருடம். அங்கே ஸ்விட்சர்லாந்து ஓவியர் ஃபியூஸ்லியும் ஸ்வீடன் நாட்டுச் சிற்பி சேர்கெலும் நண்பர்கள் ஆனார்கள். 1775இல் அங்கே தீட்டிய ஓர் ஓவியம் இன்று கோபன்ஹேகனில் தேசியக் கலைக்கூடத்தில் தொங்குகிறது: ‘காயமுற்ற ஃபிலோக்டெட்டஸ்’. இது உருவக ஓவியம் இல்லை. ஆனால் இதைப் பார்க்காமல் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது.

கதை எளிது. திராய் நகரத்தின் மேல் போருக்குப் போகும் வழியில் கிரேக்க வீரன் ஃபிலோக்டெட்டஸைப் பாம்பு காலில் கடித்துவிடுகிறது. புண் ஆறவில்லை. நாற்றமும் அலறலும் தாங்காமல் சொந்தப் படையே அவனை லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டுப் போகிறது. பத்து வருடம் தனியாகக் கிடக்கிறான். பிறகு, அவனிடம் இருக்கும் வில் இல்லாமல் திராய் விழாது என்று தெரிந்ததும், கைவிட்டவர்களே தேடி வருகிறார்கள்.

அபில்கோர் தீவைக் காட்டவில்லை, படையைக் காட்டவில்லை. சுமார் 123 செ.மீ. உயரமும் 175 செ.மீ. அகலமும் உள்ள துணிக்குள் ஒரே ஓர் உடல். அந்தச் சட்டத்துக்குள் அவனை மடக்கித் திணித்ததுபோல இருக்கிறது. புண்பட்ட காலைப் பிடித்தபடி சுருண்டிருக்கிறான்; முதுகும் தோளும் முறுக்கேறியிருக்கின்றன; காற்றில் முடி பறக்கிறது. எழுந்து நின்றால் சட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவான். அந்த முதுகு வத்திக்கானில் உள்ள தலையும் கைகாலும் இல்லாத பெல்வெடேர் சிலையிலிருந்து வந்தது என்று கலை வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அபில்கோரின் ஆசிரியர் வீடவெல்ட், வின்கெல்மானின் நெருங்கிய நண்பர். கிரேக்கக் கலையின் உயர்வு அதன் அடக்கத்திலும் அமைதியிலும் இருக்கிறது என்று ஒரு தலைமுறைக்கே பாடம் சொன்னவர் வின்கெல்மான். அந்தப் பாடத்தின் கீழ் வளர்ந்த மாணவன் ரோமுக்குப் போய், ஆசிரியர்கள் கும்பிட்ட சிலையின் உடலையே எடுத்து, அதற்கு வலியைக் கொடுத்து அலற வைத்திருக்கிறான். கைவிடப்பட்டவனின் உடம்பு என்ன சொல்லும் என்று கேட்ட ஓவியம் இது. நான் அதன் முன் நின்ற முதல் முறை, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது.

இப்படித் தீட்டத் தெரிந்தவர் 1777இல் ஊர் திரும்பினார். கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அரசரின் வரலாற்று ஓவியர் என்ற பதவியும் வந்தது. கொடுத்த வேலை: கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனையின் பெருமண்டபத்துக்கு ஓல்டன்போர்க் வம்ச மன்னர்களின் பெருமையைச் சொல்லும் மாபெரும் ஓவியங்கள். வரலாறும் உருவகமும் கலந்த பத்து ஓவியங்கள். 1778 வாக்கில் தொடங்கிய பணி 1791 வரை இழுத்தது. அப்போது அரசே நிறுத்திவிட்டது.

பதின்மூன்று வருடம் என்பது ஒரு மனிதனின் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரை. கை உறுதியாகவும் கண் கூர்மையாகவும் இருக்கும் காலம் அது. அந்தக் காலம் முழுவதும் அவர் முதலாம் கிறிஸ்டியன் ஹோல்ஸ்டைனை எப்படிக் கோமகன் நாடாக உயர்த்திப் பெற்றார் என்பது போன்ற காட்சிகளை அளந்து, வரைந்து, பெரிதாக்கிக்கொண்டிருந்தார். அது 1474இல் நடந்த சங்கதி. அதற்கு அவர் தீட்டிய முன்வரைவு பிழைத்திருக்கிறது. திறமைக்குக் குறைவில்லை. கூட்டத்தை எப்படி நிறுத்துவது, ஒளியை எங்கே விழவிடுவது, எல்லாம் தெரிகிறது. ஃபிலோக்டெட்டஸைத் தீட்டிய கைதான் என்பதும் தெரிகிறது. ஆனால் அந்த வலி எங்கே? சுவரில் மன்னர்கள் வரிசையாக மேன்மை பெற்றுக்கொண்டிருந்த அதே அரண்மனையில், உயிரோடு இருந்த மன்னரால் ஒரு முடிவையும் தானாக எடுக்க இயலவில்லை. 1784இல் பதினாறு வயதுப் பட்டத்து இளவரசர் பிரெடெரிக் அரசவைக் கூட்டத்திலேயே அதிகாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கையெழுத்து மட்டும் மன்னருடையது. அந்தக் கையெழுத்து இருந்தால் எதுவும் சட்டம். 1665ஆம் ஆண்டின் அரச சட்டம் மன்னருக்கு அப்படியொரு முழு அதிகாரத்தை எழுதிக் கொடுத்திருந்தது. மகிமையை வரைந்துகொண்டிருந்த ஓவியர் அந்த மண்டபத்தில் நின்றபடி இதையெல்லாம் பார்த்திருக்கிறார்.

1794 பிப்ரவரி 26ஆம் தேதி கிறிஸ்டியன்ஸ்போர்க் தீப்பிடித்தது. மண்டபம் போனது. பத்து ஓவியங்களில் மூன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்றவை சாம்பல். இதைப் படித்த நாளில் நான் அந்த மனிதருக்காகத் துக்கப்பட்டேன், இப்போதும் படுகிறேன். பிடிக்காத வேலையோ, பாதி மனத்தோடு செய்த வேலையோ, பதின்மூன்று வருடம் பதின்மூன்று வருடம்தான்.

தீக்கு முந்தைய வருடம் தீட்டியதுதான் ரீபெயில் உள்ள ஜூபிடர்.

அருங்காட்சியகம் ஆற்றங்கரையில், தோட்டத்தோடு கூடிய ஒரு பெரிய வீட்டில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு தொழிற்சாலை முதலாளி தனக்குக் கட்டிக்கொண்ட வீடு. அரண்மனைச் சுவரை நிரப்பிய படங்களோடு ஒப்பிட்டால் இந்த ஓவியம் சின்னது. ஒரு வீட்டுச் சுவர் தாங்கும். வானத்தில் கடவுளரின் அரசன்; அவன் கையில் தராசு. வியாழன் கையில் துலாம் என்று நம் ஊர்க் கோள் கணக்கில் ஒரு கணம் நினைத்துக்கொண்டேன். பிறகு என் கண் கடவுளின் முகத்தில் நிற்கவில்லை. தராசுக்குத்தான் போனது.

கைத்தராசில் எடைபோட்டவர்களுக்குத் தெரியும்: தூக்கிப் பிடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கோலின் நடுவில் பிடித்து உயர்த்த வேண்டும், கை அசையக் கூடாது, மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். எந்தத் தட்டு இறங்குகிறது என்று பிடித்திருப்பவரும் எதிரே நிற்பவரும் ஒன்றாகத்தான் காத்திருப்பார்கள். பிடித்தவர் விரலால் அழுத்தினால் அது கள்ளத் தராசு.

இந்தக் காட்சியின் வேர் ஹோமரின் இலியட் காவியத்தில் இருக்கிறது. அங்கே கடவுளின் பெயர் சியூஸ். ரோமர்கள் ஜூபிடர் என்றார்கள். எட்டாம் பாகத்தில் நடுப்பகல் வேளையில் சியூஸ் பொன் தராசை எடுக்கிறார். ஒரு தட்டில் திராய்க்காரர்களின் சாவு விதி, இன்னொன்றில் கிரேக்கர்களின் சாவு விதி. நடுவில் பிடித்துத் தூக்குகிறார். கிரேக்கர்களின் தட்டு மண்ணை நோக்கி இறங்குகிறது. இருபத்திரண்டாம் பாகத்தில் மறுபடி. திராய் இளவரசன் ஹெக்டர் நகரத்து மதிலைச் சுற்றி ஓடுகிறான், கிரேக்க வீரன் அக்கிலிஸ் துரத்துகிறான். நான்காவது முறை அவர்கள் ஊற்றுகளை எட்டியபோது தராசு எழுகிறது. ஹெக்டரின் நாள் கீழே சரிகிறது, பாதாளத்தை நோக்கி. அதுவரை அவனோடு இருந்த கடவுள் அப்பல்லோ அந்தக் கணத்தில் அவனை விட்டுப் போய்விடுகிறான்.

சந்தையில் கனமான தட்டு லாபம். இங்கே கனமான தட்டு சாவு. உயிரோடு இருக்கப்போகிறவனின் தட்டு லேசாக மேலே போகிறது.

எனக்கு இதில் பல காலமாகப் புதிராக இருந்த ஒன்று உண்டு. எல்லாம் வல்லவர் என்றால் சியூஸ் எதற்காக எடைபோட வேண்டும்? முடிவு அவருடையது என்றால் தராசு தேவையில்லை. தராசு வேண்டும் என்றால் முடிவு அவருடையது இல்லை. பழைய உரையாசிரியர்கள் இதை இரண்டு பக்கமும் வாதிட்டிருக்கிறார்கள். காவியத்தில் இந்த இடத்துக்கு முன்னால் நடப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு பக்கம் சாயத் தோன்றுகிறது. பதினாறாம் பாகத்தில் சியூஸின் சொந்த மகன் சர்ப்பெடோன் சாகப்போகிறான். காப்பாற்றட்டுமா என்று தகப்பனின் மனம் தடுமாறுகிறது. மனைவி ஹேரா சொல்கிறாள்: செய்ய நினைத்தால் செய், ஆனால் மற்றக் கடவுள்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவரவர் மகனை அவரவர் காப்பாற்றக் கிளம்புவார்கள். சியூஸ் விட்டுவிடுகிறார். மகனுக்காக மண்ணில் ரத்தத் துளிகளை மழையாகப் பெய்கிறார், அவ்வளவுதான் அவரால் முடிகிறது. ஹெக்டரின் விஷயத்திலும் அப்படியே: இரங்குகிறார், காப்பாற்றலாமா என்று கேட்கிறார், மகள் அத்தீனா மறுக்கிறாள், அதன் பிறகுதான் தராசு. ஆக, தராசைத் தூக்கும் நேரத்தில் அந்தக் கை ஒரு தோற்ற கை. தன் விருப்பத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுத்த கை.

இப்போது ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1793 ஜனவரியில் பாரிஸ் நகரத்தில் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. அக்டோபரில் அரசியின் தலை. ஐரோப்பாவின் அரண்மனைகள் ஒவ்வொன்றிலும் அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அபில்கோருக்குப் புரட்சியின் கொள்கைகளில் ஈடுபாடு இருந்தது என்பதை அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் சம்பளம் வாங்கியதோ ஒரு முழு அதிகார மன்னரிடம். பதின்மூன்று வருடம் மன்னர்களை மேகத்தின் மேல் ஏற்றிவைத்த ஓவியர், அந்த வேலை நின்று இரண்டு வருடம் கழித்து, மேகத்துக்கு உரிய ஒரே மன்னனை எடுத்துக்கொள்கிறார். செங்கோலின் பெருமையைத் தீட்டித் தீட்டிப் பழகிய கையால் அவனுக்குத் தராசைக் கொடுக்கிறார். தட்டில் என்ன இறங்கும் என்பது அவன் கட்டளைக்கு உட்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. எல்லாரையும்விட உயரத்தில் இருப்பவனும் எடைபோட மட்டுமே செய்கிறான்.

இது என் வாசிப்பு. ஓவியர் இப்படித்தான் நினைத்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அகராதியிலிருந்து எடுத்துப் பொருத்திய தராசு இதுவாக இருக்க முடியாது. நீதியின் கையில் இருக்கும் தராசு ஓர் அடையாளக் குறி, அது எடைபோடுவதில்லை. இது எடைபோடுகிறது.

மேலே சொன்ன விடுதலைத் தூணும் இதே வருடங்களில்தான் எழுந்துகொண்டிருந்தது. ஒரே மனிதரின் மேசையில் இரண்டு வேலை. தூணின் அடிப்பீடத்தில் இரண்டு புடைப்புச் சிற்பங்கள் உண்டு: ஒன்றில் சங்கிலியை உடைக்கும் அடிமை, இன்னொன்றில் நீதி தேவதை. மன்னர்களுக்கு மேலே மிதந்துகொண்டிருந்த பண்புகளை இறக்கித் தெருவில், உழவனுக்குத் துணையாக நிறுத்தியிருக்கிறார். பஸ்ஸுக்கு ஓடும் எவனும் அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். கல்வெட்டு மட்டும் ‘மன்னர் ஆணையிட்டார்’ என்றுதான் தொடங்குகிறது. பிறகு சொல்கிறது: சுதந்திரமான உழவன் துணிவும் அறிவும் உழைப்பும் நற்குணமும் பெற வேண்டும், மதிப்புள்ள குடிமகனாக, மகிழ்ச்சியோடு வாழ வேண்டும். டேனிஷ் மொழியில் அதை வாய்விட்டு வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. என் சக ஊழியரான அந்தப் பெரியவருக்கு அது மனப்பாடம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அடிக்கல் நாட்டிய அதே 1792இல், மார்ச் 16ஆம் தேதி, டேனிஷ் அரசு அட்லாண்டிக் அடிமை வாணிபத்தைத் தடைசெய்யும் ஆணையை வெளியிட்டது. நல்ல செய்திதான். ஆனால் அமலுக்கு வருவது 1803இல். அதுவும் ஆட்களைக் கப்பலில் ஏற்றி விற்பதற்குத்தான் தடை. கரீபியனில் டேனிஷ் கொடியின் கீழ் இருந்த செயின்ட் குரோய் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் 1848 வரை அடிமைகளாகவே இருந்தார்கள். அதே கொடி அப்போது தரங்கம்பாடிக் கோட்டையிலும் பறந்துகொண்டிருந்தது. தூணில் சங்கிலியை உடைக்கும் அந்தக் கல் மனிதன் டேனிஷ் உழவனுக்கான உருவகம். கையில் உண்மையான இரும்பு பூட்டியிருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. எந்தத் தட்டிலும் அவர்களை வைக்கவில்லை. அபில்கோரை எவ்வளவு நேசித்தாலும், அந்தச் சிற்பத்தைக் கடக்கும்போது இப்போதெல்லாம் இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

தீக்குப் பிறகு அவர் உடைந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. அரச குடும்பம் அமேலியன்போர்க் மாளிகைகளுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அறைகளுக்கு அலங்காரம், ஓவியம், நாற்காலிகள்கூட அவரே வடிவமைத்தார். மாணவர்களை வளர்த்தார். சிற்பி தோர்வால்சன், ஓவியர்கள் எக்கர்ஸ்பெர்க், ரூங்கே, காஸ்பர் டேவிட் ஃபிரிட்ரிக் என்று அந்தப் பள்ளிக்கூடத்தின் வழியே போனவர்களின் பட்டியல் நீளும். ரூங்கேவும் ஃபிரிட்ரிக்கும் பிற்பாடு ஜெர்மனியில் இயற்கையையே உருவகமாக்கித் தீட்டினார்கள். மேகத்தில் தேவதை வேண்டாம், மேகமே போதும் என்ற நிலைக்குப் போனார்கள். கடைசி வருடங்களில் அபில்கோர் கோபன்ஹேகனுக்கு வடக்கே தனக்காக ஒரு சின்ன வீட்டைத் தானே வரைந்து கட்டிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சிட்டுக்குருவியின் மறைவிடம்’. 1809 ஜூன் 4ஆம் தேதி அங்கேதான் கண்ணை மூடினார்.

இன்றைய கிறிஸ்டியன்ஸ்போர்க் அந்த இடத்தில் அதே பெயரில் எழுந்த மூன்றாவது அரண்மனை. அதன் பெருமண்டபத்தில் இப்போது பியோர்ன் நோர்கோர் வடிவமைத்து, பிரான்ஸில் நெய்த 17 திரைச்சீலைகள் டென்மார்க்கின் வரலாற்றைச் சொல்கின்றன. 2000ஆம் ஆண்டில் தொங்கவிட்டவை. வண்ணம் கொட்டும் அழகான வேலை, பார்க்க வேண்டியவை. நான் போயிருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அபில்கோரின் சாம்பல் இந்த மண்ணில்தானே கலந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

ரீபெயில் அன்று மூன்று மணிக்கே வெளிச்சம் குறையத் தொடங்கிவிட்டது. அருங்காட்சியகத்தின் பின்பக்கம் ஆறு. தோட்டத்தின் வழியாக இறங்கிக் கரையோரமாக நடந்தால் பழைய படகுத்துறை வரும். அங்கே ஒரு மரக்கம்பம் நட்டிருக்கிறார்கள். கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருடங்களை அதில் வளையங்களாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளையமும் அந்த வருடம் தண்ணீர் ஏறி நின்ற உயரம். மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில் இருப்பது 1634 அக்டோபரின் வெள்ளம். வழக்கமான கடல்மட்டத்தைவிட ஆறு மீட்டருக்கும் மேல். அன்று பேராலயத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. இந்தக் கரையோரம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இரவில் செத்துப்போனார்கள்.

கம்பத்தின் அடியில் நின்று கையை உயர்த்திப் பார்த்தேன். உச்சி வளையம் என் விரல் நுனிக்கு வெகு மேலே இருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமியும் தாத்தாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுமி, அன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்தது யார் என்று கேட்டாள். அவர் சற்று யோசித்தார். பிறகு அவளைத் தோளில் தூக்கி, உயரத்தைக் காட்டினார். தோளில் ஏறியும் அவளுக்கு எட்டவில்லை.